கைக்குள் ஒரு கை: மூடியைக் கழற்றிப் பார்ப்போமா?

மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் வண்டியை ஓரங்கட்டி உப்புக் குவியலைப் படம் பிடிப்பார்கள். அடுத்த முறை குவியலை விட்டுவிட்டு, பாத்தியில் நின்று உப்பு வாருகிறவரின் தோளைக் கொஞ்ச நேரம் பாருங்கள். அடடா, என்ன ஒரு வித்தை அது! நீளக் கழி, அதன் முனையில் பலகை. விரல்கள் கழியைச் சுற்றி இறுகுகின்றன. முழங்கை நீண்டு பலகையை எட்டத் தள்ளுகிறது. தோள்பட்டை எலும்பு முதுகின் மேல் வழுக்கிக்கொண்டு முன்னால் வருகிறது. மணிக்கட்டு லேசாகச் சாய்ந்து, பலகையின் விளிம்பை உப்புக்கு அடியில், சேற்றுக்கு மேலே, சரியான மட்டத்தில் நிறுத்துகிறது. சேறு சேர்ந்தால் உப்பின் நிறம் கெட்டது, விலையும் போச்சு. பிறகு ஒரே இழுப்பு! மூச்சு விடும் நேரத்துக்குள் இவ்வளவும் நடந்து முடிந்து, அடுத்த வாரலுக்குக் கழி மறுபடி நீண்டுவிடுகிறது. 3,000 ஏக்கருக்கும் மேல் பரந்த இந்த உப்பளம், தூத்துக்குடிக்கும் வேதாரண்யத்துக்கும் அடுத்தபடியாகத் தமிழ்நாட்டில் பேர் போனது. அதன் வெள்ளை முழுக்க இப்படி வாரி வாரிச் சேர்த்ததுதான்.

இந்த ஒரு இழுப்பை, மறந்துபோன கைக்குத் திரும்பக் கற்றுக்கொடுக்க ஓர் இயந்திரம் இருக்கிறது. பக்கவாதத்தில் விழுந்த கைமேல் ஒரு சட்டையைப் போல மாட்டிக்கொள்ளும் ரோபோ. தோளுக்கு ஒரு மோட்டார், முழங்கைக்கு ஒன்று, மணிக்கட்டுக்கு ஒன்று என்று எலும்புக்கு வெளியே இன்னொரு எலும்புக்கூடு. எக்ஸோஸ்கெலிட்டன் என்கிறார்கள். படத்தில் பார்த்தால் இரும்பு மனிதன் மாதிரி மிரட்டும். மூடியைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்தால், இதைவிடப் பணிவான இயந்திரத்தை நான் அறிந்ததில்லை! வாருங்கள், உள்ளே போவோம்.

முதலில், கை எப்படி மறக்கிறது? வாரிக்கொண்டிருந்த ஒருவருக்கு ஒருநாள் விடியற்காலையில் வாய் கோணி, பேச்சு குழறி, வலது கை தொங்கிப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் "வாதம் அடிச்சிடுச்சு" என்பார்கள். அடி விழுந்தது கையில் இல்லை, மூளையின் இடது பாதியில். அங்கே ஒரு ரத்தக்குழாய் அடைத்திருக்கலாம், அல்லது வெடித்திருக்கலாம். மூளையிலிருந்து கைக்கு இறங்கும் நரம்பிழைகளில் பெரும்பாலானவை முகுளத்தில் பக்கம் மாறிக்கொள்கின்றன. அதனால்தான் இடது மூளைக்கு அடி, வலது கைக்குச் சேதம். தசையில் குறையில்லை, எலும்பிலும் குறையில்லை. உத்தரவு வந்து சேரவில்லை, அவ்வளவுதான்.

சில வாரம் போனதும் கை துவண்ட நிலையிலிருந்து இறுக ஆரம்பிக்கும். தோளைத் தூக்க முயன்றால் முழங்கை தானாக மடங்கும், மணிக்கட்டு கீழே வளையும், விரல்கள் மூடிக்கொள்ளும். தனித்தனியாக இயங்கிய மூட்டுகள் எல்லாம் ஒரே முடிச்சாகிவிடுகின்றன. உப்பு வாருகிறவருக்கு இது எவ்வளவு கொடுமை என்று பாருங்கள்: அவருக்கு வேண்டியது தோள் உயரும்போதே முழங்கை நீளுவது. நோய் செய்வது நேர் எதிர்.

இந்த முடிச்சை அவிழ்க்கிற வேலைதான் நம் இயந்திரத்துக்கு. உள்ளே முதல் ஆச்சரியம், எடை. மனிதக் கை ஒன்றின் எடை உடல் எடையில் ஏறத்தாழ 5 விழுக்காடு. 60 கிலோ ஆளுக்கு 3 கிலோ! நல்ல காலத்தில் நாம் அதை உணர்வதே இல்லை. வாதம் அடித்த பிறகோ, மூளையிலிருந்து வரும் சன்னமான உத்தரவு இந்த 3 கிலோவைத் தூக்குவதிலேயே தீர்ந்துபோகிறது. இயந்திரம் ஓசைப்படாமல் அந்தச் சுமையைத் தான் வாங்கிக்கொள்கிறது. சுமை குறைந்ததும் கை மிதக்கிறது. அதுவரை அசையவே அசையாது என்று நினைத்த முழங்கை ஓர் அங்குலம் நீளுகிறது. அந்த ஓர் அங்குலம் மனிதர்களை அழவைத்துவிடும்!

இரண்டாவது ஆச்சரியம், தோள். உங்கள் இடது கையை வலது தோளின் மேல் வைத்துக்கொண்டு வலது கையை மெதுவாகத் தலைக்கு மேல் தூக்குங்கள். தோள் மூட்டே மேலே ஏறுகிறது இல்லையா? 180 டிகிரி உயர்வில் ஏறத்தாழ 120 டிகிரிதான் மூட்டின் பங்கு; மீதி 60 டிகிரி தோள்பட்டை எலும்பு சுழன்று தருவது. கதவுக்குக் கீல் நிலையாக இருக்கும். தோளுக்கோ கீலே நகர்கிறது! ஒரே இடத்தில் அச்சு பொருத்திய ரோபோவை மாட்டினால், கை ஒரு வட்டத்தில் போக, இயந்திரம் வேறொரு வட்டத்தில் போகும். நடுவில் மாட்டிக்கொண்டு வலிப்பது நோயாளியின் தோள். பக்கவாதத்துக்குப் பிறகு தோள் வலி ஏற்கெனவே பெரும் தொல்லை. உலகெங்கும் இந்தத் துறைப் பொறியாளர்களைத் தூங்கவிடாமல் செய்த சிக்கல் இது. சுவிட்சர்லாந்தின் ஈ.டி.எச். ஜூரிக்கில் பிறந்த 'ஆர்மின்' ரோபோவின் அடுத்தடுத்த வடிவங்களில் பெரும்பாடு பட்டது இந்தத் தோளோடுதான்.

நம் ஊர்க்காரர்கள் இதற்கு என்ன செய்தார்கள் தெரியுமா? இங்கேதான் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. வேலூர் சி.எம்.சி.யின் உயிர்ப்பொறியியல் துறையும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து 'அரேபோ' என்று ஒரு ரோபோ செய்தார்கள். 2021-இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் அதன் அமைப்பைப் பார்க்கலாம். ஆறு திசைகளில் அசையும் இயந்திரம். அதில் மூன்றுக்குத்தான் மோட்டார். மீதி மூன்றும் மோட்டாரே இல்லாமல் சும்மா தொங்கி, கை எப்படிப் போகிறதோ அப்படியே சாய்ந்து கொடுக்கும். தோள் எங்கே நகர்கிறது என்று கணக்குப் போட்டுத் துரத்தத் தேவையில்லை. நகருகிற பக்கம் அதுவே ஒத்துப்போகும். கை முழுக்க வெளிக்கூடு மாட்டாமல் ஓரிடத்தில் மட்டும் கையைப் பிடித்துக்கொண்டு, ஆனால் எக்ஸோஸ்கெலிட்டன் போலவே தனித்தனி மூட்டுக்குப் பயிற்சி தருகிறது. எவ்வளவு சிக்கனமான புத்தி! மோட்டாரைக் கூட்டாமல் குறைத்துச் சாதித்திருக்கிறார்கள்.

மூன்றாவது ஆச்சரியம்தான் உச்சம். இந்த ரோபோக்களின் மோட்டாரைக் கையால் தள்ளினால் தள்ளுப்படும். தொழிற்சாலை ரோபோவை அப்படித் தள்ள முடியாது. குறுக்கே எது வந்தாலும் அது தன் பாதையில் போகும். மருத்துவ ரோபோ அப்படி இருந்தால் இறுகிய கையை ஒடித்துவிடும். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யைச் சேர்ந்த நெவில் ஹோகன் 1985-இல் இதற்கான கணிதத்தை எழுதினார். "இந்த இடத்துக்குப் போ" என்று மோட்டாருக்கு உத்தரவிடாமல், "எதிர்த்துத் தள்ளினால் எவ்வளவு விட்டுக்கொடுப்பாய்" என்பதை முடிவு செய்யும் கணிதம். ஹோகனும் ஹெர்மானோ இகோ கிரெப்ஸும் உருவாக்கிய 'எம்.ஐ.டி.-மானஸ்', 1990-களில் நியூயார்க் மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் பக்கவாத நோயாளிகளின் கையைப் பிடித்தது. இந்தக் குடும்பத்துக்கு அதுதான் மூத்த பிள்ளை.

விட்டுக்கொடுத்தால் மட்டும் போதாது. நோயாளி சோம்பிவிடுவார்! அவர் மேல் குற்றமில்லை, மனித உடம்பின் குணமே அது. யாராவது தூக்கிவிடுகிறார்கள் என்று தெரிந்தால் மூளை தன் முயற்சியைச் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் டேவிட் ரைன்கென்ஸ்மேயரும் கூட்டாளிகளும் 2008-இல் இதற்கு ஒரு வைத்தியம் வெளியிட்டார்கள். இயந்திரத்துக்கு மறதியைச் சேர்த்தார்கள்! ஆமாம், மறதி. போன முறை எவ்வளவு உதவினோம் என்பதை ரோபோ கொஞ்சம் கொஞ்சமாக மறக்கும். உதவி தானாகத் தேயும். கை தடுமாறினால் மறுபடி கூட்டும். கிணற்றில் நீச்சல் பழக்கும் அப்பா, பிள்ளையின் இடுப்பில் கட்டிய கயிற்றைத் தளரவிட்டுத் தளரவிட்டுப் பிடிப்பாரே, அந்தக் கயிற்றின் சூட்சுமம் முழுக்கச் சில வரிக் கணக்கில் அடங்கியிருக்கிறது. பக்கத்தில் நிற்கும் பிசியோதெரபிஸ்ட்டின் வாயும் அதையேதான் சொல்லும்: "நீங்களே தூக்குங்கம்மா. மெஷின் தூக்கட்டும்னு விட்டுடாதீங்க!"

எதற்கு இவ்வளவு பிடிவாதம்? 1996-இல் அமெரிக்காவின் ராண்டி நூடோ குழு அணில் குரங்குகளிடம் கண்டதுதான் காரணம். கையை ஆளும் மூளைப் பகுதியில் சிறு சேதம். சும்மா விட்டால், சேதத்தைச் சுற்றி நன்றாக இருந்த கைப் பகுதியும் சுருங்கிப்போகிறது. சின்னச் சின்னக் குழிகளிலிருந்து தீனி உருண்டைகளை விரலால் எடுக்கத் திரும்பத் திரும்பப் பழக்கினால், அந்தப் பகுதி பிழைக்கிறது. சில குரங்குகளில் முழங்கைக்கும் தோளுக்கும் உரிய இடம்வரை விரல்களின் ஆட்சி பரவியது! மூளை வயல் மாதிரி வரப்பு போட்டு நின்றுவிடவில்லை என்பது நமக்கெல்லாம் எவ்வளவு பெரிய நல்ல சேதி. ஆனால் விலை ஒன்றுண்டு. எண்ணிக்கை. விலங்கு ஆய்வுகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. மனிதர்களின் சிகிச்சை அறையில் கேத்தரின் லாங் குழு 2009-இல் எண்ணிப் பார்த்தபோது, ஒரு அமர்வில் கையால் செய்யும் பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32! பிசியோதெரபிஸ்ட்டுக்கும் இரண்டு கைதான், இடுப்பும் வலிக்கும், வெளியே இன்னும் பத்துப் பேர் காத்திருப்பார்கள். எம்.ஐ.டி.-மானஸோ, அமெரிக்கப் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், ஒரு அமர்வுக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட அசைவுகளுக்குத் துணை போனது. உப்பளத்துக்காரருக்கு இந்தக் கணக்கு புதிதே இல்லை. அவர் தோள் அந்த வித்தையைக் கற்றதே ஆயிரம் ஆயிரமாக வாரித்தான்.

தோளையும் முழங்கையையும் தாண்டி விரலுக்கு வருவோம். ஒரு விளையாட்டு: உள்ளங்கை கீழே பார்க்கக் கையைத் தளர்வாக வைத்து மணிக்கட்டை மேல்நோக்கி மடக்குங்கள். விரல்கள் தாமாகவே உள்ளே சுருளும். இப்போது மணிக்கட்டைக் கீழே தொங்கவிடுங்கள். விரல்கள் தாமாக விரியும். தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து போவதால் வரும் இயற்கை ஏற்பாடு இது. ஐ.ஐ.டி. டெல்லியின் அமித் மெஹந்திரட்டாவும் எய்ம்ஸ் மருத்துவர்களும் இந்த ஜோடியை அப்படியே ஓர் எக்ஸோஸ்கெலிட்டனில் பிடித்துவிட்டார்கள். மணிக்கட்டு உயர்ந்தால் விரல் மூடும், தாழ்ந்தால் விரல் திறக்கும். அதுவும் எப்போது? முன்கைத் தசையில் ஒட்டிய மின்முனை, நோயாளியின் தசையிலிருந்து ஒரு சிறு மின்சமிக்ஞையைப் பிடித்தால்தான். கண்ணுக்கு அசைவே தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நோயாளி முயல வேண்டும், அப்போதுதான் மோட்டார் ஓடும். அந்த ஆய்வு முடிவும் 2021-இல் வெளியானது. சிறிய ஆய்வுதான், என்றாலும் மூளையில் மாற்றம் தெரிந்ததைப் பதிவு செய்தது.

இனி எனக்கு மிகவும் பிடித்த ஆள். பெயர் 'புளூட்டோ'. இதுவும் வேலூர், சென்னைக் கூட்டணியின் பிள்ளை. சி.எம்.சி.யின் சிவகுமார் பாலசுப்ரமணியன், ஐ.ஐ.டி. மெட்ராஸில் மறுவாழ்வுக் கருவிகள் மையத்தை நடத்தும் சுஜாதா ஸ்ரீனிவாசன், ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியர் அரவிந்த் நேருஜி ஆகியோர் இதன் பின்னால் இருப்பவர்கள். மேசைமேல் வைக்கும் பெட்டி. உள்ளே ஒரே ஒரு மோட்டார்! அதன் அச்சில் கைப்பிடியைக் கழற்றிக் கழற்றி மாட்டலாம். ஒரு பிடியை மாட்டினால் மணிக்கட்டு மேலும் கீழும். இன்னொன்றில் மணிக்கட்டு பக்கவாட்டில். வேறொன்றில் உள்ளங்கையைப் புரட்டிப் போடும் பயிற்சி. மற்றொன்றில் விரல்களை விரித்து மூடுவது. நான்கு வேலைக்கு நான்கு ரோபோ வாங்க வேண்டிய இடத்தில் ஒரு மோட்டார், நான்கு பிடி. திரையில் ஒரு விளையாட்டு ஓடும்; பந்தைத் தட்டுகிறவர் யார் என்றால், நேற்றுவரை தம்ளரைப் பிடிக்க முடியாத கை. எழுபது வயதுப் பாட்டிக்கும் தோற்றால் கோபம் வரும், ஜெயித்தால் இன்னொரு ஆட்டம் வேண்டும். எண்ணிக்கை ஏறுவது அவருக்கே தெரியாது!

இது வேலூரில் பிறந்தது தற்செயல் இல்லை. 1954-இல் சி.எம்.சி.யின் இளம் மருத்துவர் மேரி வர்கீஸ் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். கையறுவைக்குப் பேர்பெற்ற பால் பிராண்ட் ஊக்கப்படுத்த, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்யப் பழகினார். நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தது. தங்கிச் சிகிச்சை பெறும் இத்தகைய மையத்துக்கு இந்தியாவில் அதுவே முன்னோடி. முடங்கியவர் ஒருவர் முடங்கியவர்களுக்காக எழுப்பிய அந்த இடத்தின் தொடர்ச்சியாகவே நான் புளூட்டோவைப் பார்க்கிறேன். கைப்பிடி ஒவ்வொன்றிலும், நோயாளியின் கட்டிலருகே நெடுநேரம் நின்றவர்களின் யோசனை தெரிகிறது.

இவ்வளவு துள்ளிக் குதித்தாலும் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். சுவிட்சர்லாந்தில் 77 பேரிடம் ஆர்மினைச் சோதித்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். பக்கவாதக் கைக்கு 66 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு உண்டு, ஃபியூகல்-மேயர் என்று பெயர். அதில் ரோபோக் குழு வழக்கமான சிகிச்சைக் குழுவைவிட ஒரு மதிப்பெண் அளவுகூட முந்தவில்லை, 0.78 தான். தசை வலு வழக்கமான சிகிச்சையில்தான் அதிகம் கூடியது. பிரிட்டனில் 770 பேரிடம் நடந்து 2019-இல் வெளியான பெரிய ஆய்வில், எம்.ஐ.டி. ரோபோவோடு பழகியவர்கள் வழக்கமான கவனிப்பைப் பெற்றவர்களைவிட அன்றாடக் கைவேலையில் மேம்படவில்லை. மறுபக்கம், 2018-இல் 45 ஆய்வுகளையும் 1,619 நோயாளிகளையும் திரட்டிப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, இத்தகைய கருவிகள் கையின் இயக்கத்தையும் அன்றாடச் செயலையும் மேம்படுத்துவதாகச் சொன்னது. என் முடிவு இது: நல்ல பிசியோதெரபிஸ்ட் தினமும் கைக்கு எட்டும் இடத்தில் இருப்பவருக்கு ரோபோ பெரிய வரம் இல்லை. அப்படி யாரும் இல்லாத இடத்துக்குத்தான் அது வேண்டும். கோடிகள் விழுங்கும் ராட்சத எக்ஸோஸ்கெலிட்டனைப் பெருநகர மருத்துவமனையின் கண்ணாடி அறையில் நிறுத்துவதைவிட, புளூட்டோ மாதிரி ஒரு மேசைப் பெட்டியை மரக்காணத்தில் வைப்பது பத்து மடங்கு புத்திசாலித்தனம்.

மரக்காணத்திலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்கு ஏறத்தாழ 35 கிலோமீட்டர். வேலூருக்கு ஏறத்தாழ 150. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு ஒருமுறை ஓடிவிடலாம், ஓடியே ஆக வேண்டும். கைப் பயிற்சி அப்படி இல்லை. வாரத்துக்கு மூன்று நான்கு நாள், மாதக்கணக்கில். கூட வருகிறவருக்கும் அன்றைய கூலி போகும். மீட்சி வேகமாக நடப்பது முதல் 3 முதல் 6 மாதங்களில். அந்தக் காலம் பஸ்சுக்குக் காத்திருந்தே கழிந்துவிடக் கூடாது. உப்பளத்தில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் வேலை நின்றுவிடும், அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. அந்த மாதங்களில் கையில் பணம் இருக்காது. வீட்டில் ஆள் இருக்கும், நேரம் இருக்கும். பயிற்சியைக் கூடுதலாக்க அதைவிட நல்ல காலம் எது?

வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது என்பதுதான் என்னை நம்ப வைக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் வீட்டு வாசலுக்கு வருகின்றன, பிசியோதெரபியும் வருகிறது. பக்கவாதத்துக்கு முதல் எதிரி அந்த அழுத்த மாத்திரைதான், அதை ஒருநாளும் விடக்கூடாது. வீடு தேடி வரும் பிசியோதெரபிஸ்ட்டோடு ஒரு மேசைக் கருவியும் வந்தால்? கருவியை ஒரு தெருவில் நாலைந்து வீட்டுக்குப் பொதுவாக வைத்துவிட்டு, வாரம் ஒருமுறை அவர் வந்து எண்ணிக்கையைப் பார்த்தால்?

சுகாதாரத் துறைக்கு ஒரு வேண்டுகோள்: உப்பளங்கள் உள்ள மரக்காணம், வேதாரண்யம், தூத்துக்குடி வட்டாரங்களில் தலா ஓர் அரசு மருத்துவமனையில் நம் மாநிலத்திலேயே உருவான இந்தக் கருவியை வைத்து, ஒரு வருடம் ஓட்டிக் கணக்கை வெளியிடுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று. உங்கள் வீட்டில் யாருக்காவது முகம் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, அது எத்தனை மணிக்கு ஆரம்பித்தது என்று குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரம்தான். ஏற்கெனவே அடிபட்ட கை வீட்டில் இருந்தால், சிகிச்சை முடிந்து வரும்போது "இன்னைக்கு எத்தனை தடவை செஞ்சீங்க?" என்று கேளுங்கள். முப்பது என்றால் போதாது. கருவி வரும்வரை, மிச்சத்தை வீட்டில் நீங்கள் கூட உட்கார்ந்து செய்ய வையுங்கள்.